ஆங்கிலம் போதாது என்று ஆங்கிலத்தில் ஒரு மனு

அமெரிக்க தேசத்துச் சர்வகலாசாலைகளில், ஆங்கிலம் போதாத அந்நிய நாட்டு மாணாக்கர்களுக்கென்று தனியாக ஒரு பாடசாலை நடத்துகிறார்கள் என்பதும், அதற்கு 'இன்டென்சிவ் இங்கிலீஷ் புரோகிராம்' என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள் என்பதும், அதில் சேர விரும்புகிறவன் தனக்கு ஆங்கிலம் போதாது என்ற சமாசாரத்தைப் பக்கம் பக்கமாகப் பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதித் தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்பதும், என் தங்கை மகன் அந்தப் பாடசாலைக்கு மனுப் போடப் புறப்பட்ட 2024-ஆம் வருஷம் வரையில் நான் அறியாத விஷயங்கள். நீந்தத் தெரியாதவன் அக்கரைக்கு நீந்திப் போய் நீச்சல் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பது போன்ற இந்த ஏற்பாட்டைக் குறித்து நான் ஆட்சேபம் தெரிவித்தபோது வீட்டில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே அண்ணா, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று என் தங்கை சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மேற்கொண்டு ஆட்சேபிக்க எனக்கும் மனம் வரவில்லை.

மருமானின் யோக்கியதாம்சங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமுல்லைவாயிலில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே படித்துத் தேறி, பிறகு ஆவடிப் பக்கத்து எஞ்சினீயரிங் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படித்தவன். 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றிய நாள் முதலாக இந்த ராஜதானியில் உயர்தரக் கல்வி ஆங்கிலத்திலேயே நடந்து வருகிறது என்று சரித்திரம் சொல்லுகிறது. ஆனால் மேற்படி கல்லூரி வகுப்பறைக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்று கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். "இந்த ஷாஃப்ட் ரொட்டேட் ஆவும்போது டார்க் இங்கேருந்து டிரான்ஸ்மிட் ஆவுது, நோட் பண்ணிக்கோங்க" என்ற ரீதியில், பெயர்ச்சொற்களெல்லாம் ஆங்கிலமாகவும், அவற்றைத் தாங்கி நிற்கும் 'ஆவுது', 'பண்ணு' இரண்டும் தமிழாகவும், நான்கு வருஷமும் அங்கே பாடம் நடந்தது. முடிவில் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழிலேயே படிப்பதற்கு வழி செய்திருந்தும், அதில் சேர்ந்தால் வேலை கிடைக்காது என்று பயந்து ஆங்கிலத்தில் சேர்ந்தவன், ஆங்கிலத்திலும் தமிழிலேயே படித்து முடித்தான்.

இப்படிப்பட்டவன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பரீட்சைக்குப் போனான். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு அங்கங்களும் ஒன்பது படிகளும் உடைய அந்தப் பரீட்சையில், 'கேட்டல்' என்ற பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்களாம். இது எங்கள் பிரதேசத்து ஜனங்களின் சுபாவத்தைச் சற்றும் ஆலோசியாமல் வகுத்த விதி. அம்பத்தூர் ரயில் நிலையத்தில், அரக்கோணம் செல்லும் வண்டி இன்னும் சில நிமிஷங்களில் வரும் என்பதைத் தமிழில் ஒரு தடவையும் இந்தியில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி, வண்டியும் வந்து நின்று, அதன் நெற்றியிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்க, அப்பொழுதும் ஏறப்போகிற கால் ஒன்றை மேலே வைத்துக்கொண்டு, "இது அரக்கோணம் வண்டிதானே?" என்று உள்ளே இருப்பவரைக் கேட்டுத் தெளிந்த பிறகே ஏறுகிற சமூகம் இது. ஒரே முறை சொன்ன வார்த்தையை இங்கே எவரும் வார்த்தையாகவே மதிப்பதில்லை.

'பேசுதல்' பரீட்சை பதினொரு நிமிஷத்துக்குக் குறையாமலும் பதினாலு நிமிஷத்துக்கு மேற்படாமலும் நடக்கும். நடுவில் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிஷம் பேசச் சொல்லுவார்கள். மருமானுக்கு வந்த சீட்டில், 'அமைதியான ஓர் இடத்தை வர்ணிக்கவும்' என்று இருந்தது. அவன் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு ஒரு பக்கம் ரயில் பாதை, மற்றொரு பக்கம் லாரிகள் ஓயாத திருவள்ளூர் நெடுஞ்சாலை, பக்கத்து மனையில் லேத் பட்டறை, பின் தெருவில் ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. அவன் ஆயுளில் கண்ட அமைதியான இடம், மின்சாரம் நின்றுபோன வேளையில் அவனுடைய சொந்தத் தெருதான். அதுவும் எதிர்வீட்டுக்காரர் ஜெனரேட்டரைப் போடுகிற வரையில். அந்த அனுபவத்தை அரை நிமிஷம் விவரித்துவிட்டு, மீதி ஒன்றரை நிமிஷமும் அமைதியாகவே உட்கார்ந்திருந்தானாம். விஷயத்தைச் சொல்லால் விளக்குவதைக் காட்டிலும் செயலால் விளக்குவது சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம்; பரீட்சகர் அப்படி நினைக்கவில்லை. சர்வகலாசாலை கேட்டது ஆறரை. இவனுக்கு வந்தது ஐந்தரை.

இந்த மதிப்பெண்ணும் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லுபடியாகுமாம். ஆங்கிலம் காலாவதியாகும் வஸ்து என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புஸ்தகத்தை நான் நெட்டுருப் போட்டு முடித்தபோது இந்திரா காந்தி அம்மையார் முதல் தடவையாகப் பிரதம மந்திரியாக இருந்தார். அன்று ஏறிய ஆங்கிலம் இன்றுவரை ஒரு கமா குறையாமல் அப்படியே இருக்கிறது.

ஐந்தரை வந்துவிட்டதே என்று மருமான் துக்கித்துக்கொண்டிருந்த சமயத்தில் சர்வகலாசாலையிலிருந்து கடிதம் வந்தது. எம்.எஸ். படிப்பில் நிபந்தனையின் பேரில் இடம் தருகிறோம். ஆனால் முதலில் எங்கள் இன்டென்சிவ் இங்கிலீஷில் சேர்ந்து தேறவேண்டும். அதற்குத் தனியாக மனுப் போடு என்றது கடிதம். இந்த மாதிரிப் பாடசாலைகளுக்கெல்லாம் மூலஸ்தானம் மிச்சிகன் சர்வகலாசாலை. 1941-இல் சார்லஸ் ஃப்ரைஸ் என்ற பேராசிரியர் அங்கே ஆங்கில மொழிக்கென்று ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கி, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குப் பாடம் ஆரம்பித்தார். பிறகு 1964-இல் 'டோஃபல்' என்ற பரீட்சை வந்தது. அதே 1964-இல்தான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தது. ஒரே வருஷத்தில், அங்கே அந்நியர்களுடைய நாக்கைக் கடைந்து எடுப்பதற்கு ஒரு யந்திரமும், இங்கே இரும்பைக் கடைந்து எடுப்பதற்குப் பல யந்திரங்களும் ஸ்தாபிதமாயின. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்பொழுது அந்த முதல் யந்திரத்தில் தலை கொடுக்கப் போகிறார்கள்.

மனு எழுத உதவி தேடுகிறவர்கள் எங்கள் ஆவடிச் சாலையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஆவடி என்றால் 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் நிறைவேற்றியதுதான் என் தலைமுறைக்கு முந்தியவர்களின் ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கு ஆவடிச் சாலையில் போகிறவர்கள் காண்பது, தொப்பியும் கறுப்பு அங்கியும் தரித்த வாலிபர்கள் ஆகாயத்தில் துள்ளிக் குதிக்கும் விளம்பரப் பலகைகள். கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று ஐந்து தேசங்களின் கொடிகளையும் வரிசையாகப் போட்டு, கீழே 'கட்டணம் தவணை முறையில்' என்று எழுதியிருக்கும். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்துக்கு அருகே, கீழே பிரியாணிக் கடையும் மேலே கண்ணாடிக் கதவுமாக உள்ள ஒரு கன்சல்டன்சிக்கு மருமானும் போனான். அங்கே 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்' என்று ஒன்றை, அதாவது நான் ஏன் படிக்க விரும்புகிறேன் என்ற சுயசரிதத்தை, தயாராகவே அச்சடித்து வைத்திருந்தார்கள். சிறு பிராயத்திலேயே வீட்டு மிக்ஸியைப் பிரித்துப்போட்டு அதன் அந்தரங்கத்தை ஆராய்ந்ததிலிருந்து தனக்கு யந்திர சாஸ்திரத்தில் அடங்காத மோகம் பிறந்ததாக அது ஆரம்பித்தது. அவனுக்கு முன்னால் போன மெக்கானிக்கல் பையன்கள் அத்தனை பேரும் அதே மிக்ஸியைத்தான் பிரித்திருக்கிறார்கள் என்று பிறகு தெரியவந்தது. மருமானோ மிக்ஸியைத் தொட்டதே கிடையாது. தொட்டிருந்தால் என் தங்கை அவனை அமெரிக்கா போகிற வயசு வரையில் வளரவிட்டிருக்க மாட்டாள்.

ஆகவே அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. என்னுடைய ஆங்கிலத்தின் வமிசாவளியை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1960-ஐ ஒட்டிய வருஷங்களில், சென்னை ராஜ்யத்தில் ஆரம்ப வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களைப் புதிய முறையில் பழக்குவதற்கு ஒரு பிரம்மாண்டமான திட்டம் போட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்குப் பயிற்சி, அந்தப் பலர் மேலும் பலருக்கு என்று உருண்டு உருண்டு பெருகும் திட்டமாகையால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்ற பெயர் வழங்கியது. பனிக்கட்டியை ஐஸ் வண்டியில் அன்றி வேறெங்கும் காணாத ஒரு ராஜ்யத்தின் திட்டத்துக்குப் பனிப்பந்து என்று பெயர் சூட்டிய மகானுபாவர் யாரோ. அந்தப் பந்து உருண்டு உருண்டு எங்கள் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து சேர்வதற்குள் சென்னை வெயிலில் அதன் கதி என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். சொல்லுவதைச் செய்துகொண்டே சொல்ல வேண்டும் என்பது புதிய முறை. எங்கள் வாத்தியார், "ஐ ஆம் கோயிங் டு தி டோர்" என்று சொல்லிக்கொண்டே கதவண்டை போவார். "ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறப்பார். "ஐ ஆம் கோயிங் அவுட்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போவார். சில நாட்களில் அந்தப் பாடவேளை முடிகிற வரையில் திரும்பி வரமாட்டார். நிகழ்காலத் தொடர்வினை என் நெஞ்சில் அழியாமல் பதிந்தது இவ்விதமாகத்தான்.

அதன் மேல் ரென் அண்ட் மார்ட்டின். அதற்கும் மேலே ஆவடியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் உத்தியோக காலம் முழுவதும் கோப்பு எழுதிய அப்பியாசம். மேலதிகாரி ஓரத்தில் "ஸ்பீக் ப்ளீஸ்" என்று எழுதுவார். நான் போய்ப் பேசிவிட்டு வந்து, "டிஸ்கஸ்ட்" என்று எழுதி, "மே கைண்ட்லி ஸீ" என்று மறுபடியும் மேலே அனுப்புவேன். அந்த ஆங்கிலத்தில் ஒருவருக்கும் கோபம் வந்ததில்லை, ஒரு காரியமும் அவசரப்பட்டதில்லை, பிற்பாடு ஒருவர் தலையிலும் பழி விழுந்ததில்லை. வேறு எந்தப் பாஷைக்கு இந்தப் பெருமை உண்டு?

மருமானுக்காக நான் எழுதிய சுயசரிதம், "வித் டியூ ரெஸ்பெக்ட் அண்ட் ஹம்பிள் சப்மிஷன் ஐ பெக் டு ஸ்டேட்" என்று ஆரம்பித்தது. முதல் வாக்கியம் முதல் பக்கத்தின் அடியில் போய் முடிந்தது. அவனுடைய பிறப்பு, குடும்ப நிலைமை, ஐந்தரை வந்ததற்கான சந்தர்ப்பங்கள், அமெரிக்க சர்க்காரின் கருணையில் அவனுக்குள்ள அசையாத நம்பிக்கை எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. "தங்கள் நேரம் பொன்னானது, ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன்" என்று மூன்றாவது பக்கத்தில் ஒரு வாக்கியமும் இருந்தது. மருமான் வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மாமா, இவ்ளோ பெக் பண்ணணுமா?"

"சென்னைத் துறைமுக ஆபீஸ் கணக்குப் பிரிவில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், 1913 ஜனவரியில் ஹார்டி துரைக்கு எழுதின கடிதம் எப்படி ஆரம்பிக்கிறது, தெரியுமா? 'பெக்' என்றுதான் ஆரம்பிக்கிறது. அடுத்த வருஷம் அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார்."

"அவரு பெக்குக்கு அப்புறம் பக்கம் பக்கமா ஃபார்முலா எழுதியிருந்தாரு மாமா."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரத்திலிருந்து வேண்டாத பாடங்களையே கற்றுக்கொள்ளும் சாமர்த்தியம் இருக்கிறது. ஆனாலும் பெரியவர்கள் எழுதியதைத் திருத்தக் கூடாது என்ற மரியாதை அவனிடம் இருந்தபடியால், நான் எழுதியதே போயிற்று.

மனுவின் மற்ற பகுதிகளிலும் சங்கடங்கள் இருந்தன. முதலாவது சங்கடம் பெயர். எங்கள் வழக்கப்படி அவனுக்கு இருப்பது ஒரு பெயர். முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டிலும் ஒற்றைப் பெயர்தான். அமெரிக்கர்களுடைய படிவமோ, முதற்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டையும் நிரப்பினாலொழிய அடுத்த பக்கம் திரும்புவதில்லை. தகப்பனார் பெயரைப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. "அங்க எல்லாரும் இவனை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, இவன் பண்ற தப்புக்கெல்லாம் என் பேருல்ல கெடும்?" என்று என் மைத்துனர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானதுதான். விசாரித்ததில், ஒற்றைப் பெயர்க்காரர்கள் விஷயத்தில் இருக்கிற பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தள்ளிவிட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்ற மூன்று எழுத்துக்களை இடுவது அந்தத் தேசத்துச் சம்பிரதாயம் என்று தெரிந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் தாத்பரியம். ஜோசியர் எழுத்துப் பார்த்துக் கொடுத்து, மாசிலாமணீசுவரர் சந்நிதியில் அர்ச்சனை செய்து, பத்துப் பேர் நடுவில் குழந்தையின் காதில் மூன்று தடவை சொல்லி வைத்த பெயரை, தெரியவில்லை என்று எழுதிக் கொடுக்க என் தங்கைக்குக் கொஞ்சங்கூடச் சம்மதமில்லை. "எனக்குத் தெரியுமே, நான் சொல்றேன்னு எழுதுங்க அண்ணா" என்றாள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இரண்டாவது சங்கடம் பணம். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற தொகை கையில் இருப்பதாக நிரூபித்த பிறகுதான் 'ஐ-20' என்ற பத்திரத்தைச் சர்வகலாசாலை அனுப்பும். பாங்கிக் கணக்கு, வைப்பு நிதி, ஆடிட்டர் சான்றிதழ் எல்லாம் சேர்த்தும் சற்றுக் குறைந்தபடியால், பூவிருந்தவல்லியை அடுத்த கரையான்சாவடியில் இருக்கும் அவனுடைய பெரியப்பாவிடம் போனோம். அவர் மனைப் பத்திரத்தின் நகலையும் பாஸ் புஸ்தகத்தையும் முகம் கோணாமல் எடுத்துக் கொடுத்தார். கோர்ட்டுக்குப் பக்கத்தில் நோட்டரி முன்பாகப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற சமயத்தில்தான் அவருக்கு மனம் நொந்தது. மேற்படி பையனுக்கு அன்ன வஸ்திராதிகளுக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்ளுவேன் என்று உறுதி கூறும் வாசகத்தை நான் தமிழில் சொல்லக் கேட்டவர், பேனாவை மேஜையின் மேல் வைத்துவிட்டார். "லீவுக்கு லீவு நம்ம வீட்லதான் கெடந்தான். அப்பல்லாம் சோறு போட்டதுக்கு எந்த ஸ்டாம்பு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன்?" என்றார். நோட்டரி அவருக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இவற்றையெல்லாம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது சர்வகலாசாலையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பத்திரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் சுயசரிதத்தை மனுதாரரே எழுதியதாகத் தோன்றவில்லை. தங்களுடைய சோதனையில் அது கம்ப்யூட்டர் தானாகவே இயற்றியதாக இருக்கலாம் என்று தெரியவருகிறது. தயவுசெய்து சொந்த வார்த்தைகளில் மறுபடியும் எழுதவும். பிழைகள் இருந்தால் பாதகமில்லை என்று அதில் கண்டிருந்தது.

மனித ஜன்மம் எடுத்தவன் எழுதியதல்ல என்று என் ஆங்கிலத்தைக் குறித்து அதுவரையில் எந்த அதிகாரியும் எழுதியதில்லை. இரண்டு நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு நிதானமாக ஆலோசித்ததில் விஷயம் விளங்கிற்று. அந்த யந்திரங்கள் உலகத்தில் எழுதப்பட்டதையெல்லாம் வாசித்துத்தான் எழுதக் கற்றுக்கொண்டனவாம். அப்படியானால், கும்பினியார் காலந்தொட்டு இந்த ராஜதானியில் நாங்கள் எழுதிக் குவித்திருக்கும் மனுக்களையும் மகஜர்களையும் அவை வாசித்திருக்கத்தானே வேண்டும்? யந்திரம் எங்களைப்போல் எழுதுவது சிஷ்யன் குருவைப்போல் எழுதுகிற விஷயமாயிருக்க, சிஷ்யனைக் காட்டி, நீ இவனிடம் காப்பியடித்தாயா என்று குருவைக் கேட்பது எந்த ஊர் நியாயம்? இதை விளக்கி ஒரு பதில் தயார் செய்தேன். மருமான் அதை அனுப்பவில்லை.

அவன் அன்றிரவே தானாக உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டான். "ஐ நோ இங்கிலீஷ். பட் வென் சம்படி ஆஸ்க் ஃபாஸ்ட், இட் இஸ் கோயிங் அவே. இன் காலேஜ் சார் டீச் இங்கிலீஷ் மீடியம் இன் தமிழ்" என்று போயிற்று அந்தக் கிரந்தம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய உருபுகள் வரவில்லை. காலங்கள் ஒன்றோடொன்று கைகோத்துத் திரிந்தன. 'ஹம்பிள்' என்ற சொல்லே எங்கும் இல்லை. அந்த வாரத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆங்கிலம் போதாது என்பதற்கு அதைவிடப் பலமான சாட்சியம் வேறு என்ன இருக்க முடியும் என்று அவர்கள் தீர்மானித்திருக்க வேண்டும்.

விசாவுக்கான படிவம் வேறு ரகம். 'டி.எஸ்-160' என்ற அது கம்ப்யூட்டரிலேயே பூர்த்தி செய்ய வேண்டியது; இருபது நிமிஷம் போல் தொடாமல் விட்டால் தானாகவே மூடிக்கொண்டுவிடும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வெற்றிலை போட்டு யோசிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. நீ ஏதாவது குலத்தையோ கூட்டத்தையோ சேர்ந்தவனா என்று அதில் ஒரு கேள்வி. வீட்டில் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். என் தங்கை குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னாள். அந்த விவாதத்தில் ஒரு தடவை படிவம் மூடிக்கொண்டது. துப்பாக்கி, வெடிமருந்து முதலியவற்றில் விசேஷப் பயிற்சி உண்டா என்று இன்னொரு கேள்வி. விஜயந்தா டாங்கி 1965-இல் ஆவடியிலிருந்து உருண்டு வெளியே வந்த காலம் முதல் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் டாங்கியோடு உறவு உடையவர். என் மைத்துனரும் டாங்கிக்குக் கியர் பெட்டி மாட்டியவர். உண்மையை மறைக்கலாகாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். "கேள்வி எனக்குப்பா, உனக்கு இல்ல" என்று மருமான் சொல்லிப் புரியவைப்பதற்குள் படிவம் மறுபடியும் மூடிக்கொண்டது. நீ பயங்கரவாதச் செயலில் ஈடுபடும் உத்தேசத்துடன் வருகிறாயா என்றும் கேட்டிருந்தது. இதற்கு 'ஆம்' என்று பதிலெழுதக்கூடிய சத்தியசந்தன் ஒருவன் இருந்தால் அவனை உள்ளே விட்டுக் கௌரவிப்பதே முறை.

மாணாக்கர் கணக்குப் பதிவுக்கு 350 டாலரும் விசா மனுவுக்கு 185 டாலருமாக, அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 44,000 ரூபாயைக் கட்டிவிட்டு, குறிப்பிட்ட தினத்தன்று அண்ணா மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போனோம். அந்தத் தேசத்துச் சட்டப்படி, விசா கேட்டு வருகிற மாணாக்கன் அங்கேயே தங்கிவிடுகிற எண்ணத்தோடு வருகிறான் என்றுதான் முதலில் வைத்துக்கொள்ளுவார்கள். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் வருகிறவனுடையது. ஆகவே மருமான் அங்கே ஒரே மூச்சில் மூன்று விஷயங்களை ஸ்தாபிக்க வேண்டியிருந்தது: ஆங்கிலம் கற்பதற்காக அமெரிக்கா போவது அத்தியாவசியம்; கற்றதும் அம்பத்தூருக்குத் திரும்பி வருவது அதைவிட அத்தியாவசியம்; இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் விளங்கச் சொல்லுகிற அளவுக்குத் தனக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் போதாது. நன்றாகப் பேசினால், இவனுக்கு எதற்கு வகுப்பு என்பார்கள். மோசமாகப் பேசினால், இவன் எப்படிப் பிழைப்பான் என்பார்கள். எவ்வளவு மோசமாகப் பேசுவது உசிதம் என்று அதற்கு முந்தின வாரம் முழுவதும் திண்ணையில் பரிசோதித்துக்கொண்டிருந்தோம்.

நானும் மைத்துனரும் எதிர்ச்சாரியில் நின்றோம். உள்ளே நடந்ததை மருமான் பிற்பாடு சொன்னான். ஜன்னலுக்கு அப்பால் இருந்த அதிகாரி அவனிடம் படிப்பு, தகப்பனார் உத்தியோகம், பெரியப்பாவின் பணம் எல்லாவற்றையும் கேட்டு, இவனும் தட்டில்லாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "உன் இங்கிலீஷ் நன்றாகத்தானே இருக்கிறது? எதற்கு இந்தக் கோர்ஸ்?" என்றாராம். இந்த ஒரு கேள்விக்கு நாங்கள் பதில் தயார் செய்யவில்லை. மருமான் சற்று விழித்துவிட்டு, "சார், திஸ் மச் ஒன்லி ஐ பை-ஹார்ட்டட், சார்" என்றானாம். இதுவரை சொன்னது மனப்பாடம், இனிமேல் கேட்டால் ஒன்றும் வராது என்பது கருத்து. அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இவனைப் போகச் சொன்னாராம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தமாம். அது தெரியாத என் மைத்துனர், வெறுங்கையோடு வெளியே வந்த பிள்ளையைப் பார்த்து, "பாஸ்போர்ட்டும் போச்சா?" என்று நடுரோட்டில் கலங்கிவிட்டார்.

மருமான் போய்ச் சேர்ந்தான். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வகுப்பில் உட்கார வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை; உட்காருகிறான். ஜப்பானியர், சவூதி தேசத்தார், கொலம்பியாக்காரர் எல்லோரும் கூடப் படிக்கிறார்கள். முதல் நாள் நிலை அறியும் பரீட்சையில் இலக்கணத்தில் இவனுக்கு உயர்ந்த வகுப்பும், பேசுவதில் தாழ்ந்த வகுப்பும் கிடைத்தன. இலக்கணம் என்னால் வந்தது; பேச்சு அவன் சிநேகிதர்களால் வந்தது. வாத்தியாரம்மாள் வருகைப் பதிவேட்டில் உள்ளபடி இவனை 'ஃபினூ' என்று கூப்பிடுகிறாளாம். கொலம்பியாக்காரர்கள் இது ஏதோ தமிழ்ப் பெயர் என்று எண்ணி, அழகாக இருக்கிறதே என்று பாராட்டியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் தொலைபேசியில் ஒரு சமாசாரம் சொன்னான். அவரவர் நாட்டில் சம்பிரதாயமான ஆங்கிலக் கடிதம் எப்படி எழுதுவார்கள் என்பதற்கு ஒரு மாதிரி கொண்டுவரும்படி வகுப்பில் கேட்டிருந்தார்களாம். அவனுடைய கம்ப்யூட்டரில் நான் எழுதிய சுயசரிதம் அழியாமல் இருந்திருக்கிறது. அதை அச்செடுத்துக் கொடுத்துவிட்டான். வாத்தியாரம்மாள் அதை வகுப்புக்கு உரக்க வாசித்து, இப்படியொரு ஆங்கிலம் இன்னும் உயிரோடு இருக்கிறதென்று தான் எண்ணவே இல்லை என்று சொல்லி, வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம். ஜப்பானிய மாணாக்கர்கள் இருவர், "ஐ பெக் டு ரிமெயின்" என்ற கடைசி வரியைத் தங்கள் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டார்களாம்.

"கீழே எழுதினவர் பெயர் போட்டிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"போட்ருக்கு மாமா. எஃப்.என்.யூ.ன்னு."